ஆர்க்கிடெக்டிடம் கொடுக்கும் தேவைக் குறிப்பை எப்படி எழுதுவது? பாளையங்கோட்டை, 5 சென்ட், மேற்குப் பார்த்த மனை

கேள்வி: பாளை மனைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையை ஒட்டிய புதுக்குடியிருப்புப் பகுதி ஒன்றில், 33 அடி அகலமும் 66 அடி நீளமுமாகக் கணக்காக 5 சென்ட் வருகிற மனை எங்களுக்கு இருக்கிறது. மேற்கே 30 அடிச் சாலை. தெற்கு மனையில் மாடி வீடு எழும்பிவிட்டது, வடக்கு மனை காலியாகக் கிடக்கிறது. வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு மகன், மூட்டுத் தேய்மானத்தால் படியேறுவதற்குச் சிரமப்படும் எழுபது வயது அம்மா. வங்கிக் கடன் 30 லட்சத்தையும் சேர்த்து எங்களால் திரட்ட முடிந்தது 52 லட்சம்.

மேஸ்திரியை மட்டும் நம்பி இறங்காமல் ஓர் ஆர்க்கிடெக்டை அமர்த்தியிருக்கிறோம். அவர் முதல் சந்திப்பிலேயே, வரைபடம் பற்றிப் பேசுவதற்கு முன் எங்கள் தேவைகளை எழுதித் தரும்படி கேட்டார். நானும் ஒரு பக்கத்தில், மூன்று படுக்கையறை, இரண்டு இணைந்த குளியலறை, பூஜை அறை, மாடுலர் கிச்சன், கார் நிறுத்துமிடம், நல்ல காற்றும் வெளிச்சமும், வாஸ்துப்படி, பட்ஜெட்டுக்குள் என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அவர், "சார், இந்தத் தாளில் உங்கள் பெயரை அடித்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் பெயரை எழுதினாலும் பொருந்தும்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றிருந்தது.

நான் கேட்க விரும்புவது இதுதான். டிசைன் பிரீஃப் என்கிற இந்தக் குறிப்பில் அறைகளின் பட்டியலைத் தாண்டி என்னதான் எழுத வேண்டும்? உண்மையான பட்ஜெட்டைச் சொன்னால் அதற்கும் மேலே இழுத்துவிடுவார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், அதில் நியாயம் உண்டா? அம்மாவுக்குத் திண்ணையும் பட்டாசலும் (பழைய வீட்டுக் கூடம்) வேண்டும், மனைவிக்குத் திறந்த அடுக்களை வேண்டும், மகனுக்கு மாடியில் தனியறை வேண்டும். இந்த முரண்களை நாங்களே தீர்த்துக்கொண்டு எழுதுவதா, அல்லது அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவதா?

பதில் 1: மதுரை ஆர்க்கிடெக்ட்

உங்கள் ஆர்க்கிடெக்ட் செய்தது சரிதான். ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தேவைக் குறிப்பை நீங்கள் ஒருவரே எழுதி முடித்துத் தர வேண்டும் என்பதில்லை. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைந்த கட்டடக்கலை மன்றம் வகுத்துள்ள பணி நிபந்தனைகளில், வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டறிந்து டிசைன் பிரீஃப் தயாரித்து அவருடைய ஒப்புதலைப் பெறுவது ஆர்க்கிடெக்ட் செய்ய வேண்டிய முதல் வேலையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் தருவது மூலப்பொருள். அதைப் படித்து, மனையைப் பார்த்து, உங்களிடம் குறுக்குக் கேள்விகள் கேட்டு அவர் எழுதி அனுப்புவதுதான் பிரீஃப். அந்தத் தாளில் நீங்களும் அவரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகு வரைபடம் தொடங்கினால் இருவருக்குமே நல்லது.

மூலப்பொருளாக எதைத் தருவது? அறைகளை எழுதாதீர்கள், உங்கள் நாளை எழுதுங்கள். விடியற்காலையில் முதலில் எழுபவர் யார், எழுந்ததும் எங்கே போகிறார், அப்போது விளக்கைப் போட்டால் யாருடைய தூக்கம் கெடுகிறது? கிரைண்டர் எங்கே நிற்கிறது, மாவாட்டும்போது நின்றுகொண்டா, தரையில் உட்கார்ந்துகொண்டா? கேஸ் சிலிண்டரைக் கொண்டுவருபவர் எந்த வழியாக உள்ளே வருகிறார்? வற்றலும் வடகமும் இப்போது எங்கே காய்கின்றன? மொட்டை மாடியில்தான் காயும் என்றால், படியேற முடியாத அம்மா இனி என்ன செய்வார்? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிற சொந்தக்காரர்களில் எத்தனை பேர் உங்கள் வீட்டில் இரவு தங்குவார்கள், அவர்கள் எங்கே பாய் விரிப்பார்கள்? இவற்றுக்கு ஒவ்வொரு வீட்டின் விடையும் வேறாக இருக்கும். வீடும் அங்கேதான் உங்கள் வீடாகிறது.

அம்மா கேட்கும் பட்டாசலையும் உங்கள் மனைவி கேட்கும் திறந்த அடுக்களையையும் எதிரெதிர் ஆசைகளாக உடனே முடிவுகட்ட வேண்டாம். "ஏன்" என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை கேளுங்கள். பழைய நெல்லை வீடுகளில் தார்சா (முன்தாழ்வாரம்), பட்டாசல், அரங்கு (உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ஒரே வரிசையில் கட்டுகட்டாகப் போகும். பட்டாசலில் உட்கார்ந்தால் முன்வாசலும் தெரியும், பின்பக்கம் நடப்பதும் காதில் விழும். அம்மா விரும்புவது அந்த உட்காரும் இடத்தையாக இருக்கலாம். உங்கள் மனைவி விரும்புவது, சமைக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்காமல் இருப்பதையாக இருக்கலாம். இரண்டும் அதுதான் என்றால் ஒரே அமைப்பு இருவருக்கும் பொருந்திப்போக நிறைய வாய்ப்பு உண்டு. அப்படி இல்லாமல் உண்மையாகவே முரண்பட்டால், யார் என்ன கேட்டார் என்பதைப் பெயருடன் அப்படியே எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குள் சமாதானமாகிவிட்டதாகக் காட்டும் குறிப்பை வைத்து வரைந்த பிளானில், அஸ்திவாரம் தோண்டிய பிறகு சண்டை வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனையைப் பற்றி நீங்கள் எழுத வேண்டியவற்றை உங்களைவிட வேறு யாரும் நன்றாக எழுத முடியாது, ஏனென்றால் ஆர்க்கிடெக்ட் அங்கே மொத்தம் நான்கு முறை வருவார். மேற்குப் பார்த்த மனை என்று சிலர் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். ஆனால் உங்கள் மனையின் குறுகிய பக்கம்தான் மேற்கே இருக்கிறது. நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்ப்பதால் மாலை வெயில் தாக்கும் பரப்பு குறைவு. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. திருநெல்வேலியின் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். எனவே வடக்குச் சன்னலுக்கு நிழல் தேவையில்லை என்ற பொதுப்பேச்சு உங்கள் ஊரின் கோடைக்குப் பொருந்தாது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து வருகிற மேல்காற்று உங்களுக்கு வரம். அதே காற்றுதான் புழுதியையும் கொண்டுவருகிறது. வடக்கு மனை காலியாக இருப்பதை வைத்து அந்தப் பக்கத்து வெளிச்சத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அங்கே வீடு வரும் என்று இப்போதே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை விசாரித்து எழுதுவது இன்றியமையாதது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் உங்கள் வீட்டின் தரை இருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் குறிப்பில் இருக்கும் மிகப்பெரிய முரண் ஒளிந்திருக்கிறது, உங்கள் மகனின் மாடியறையில் இல்லை. தரையைச் சாலையிலிருந்து 3 அடி உயர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு நாளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் 1க்கு 12 என்ற சாய்வில், அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று, தளம் அமைத்தால் அது 36 அடி நீளம் ஓடும். உங்கள் மனையின் அகலமே 33 அடி. வெள்ளமும் அம்மாவின் முழங்காலும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பட்டால்தான் ஆர்க்கிடெக்டின் கண்ணில் இது முதல் நாளே படும்.

பட்ஜெட்டை மறைக்காதீர்கள். 52 லட்சம் வைத்துக்கொண்டு 40 என்று சொன்னால் 40க்கு ஏற்ற வீட்டை வரைவார், அதன் பிறகு நீங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ப்பீர்கள், அப்படிச் சேர்த்தவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். ஆனால் 52 லட்சத்துக்குள் எதெல்லாம் அடங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசும் ஒப்பந்தத்தில் சுற்றுச்சுவர், கேட், ஆழ்துளைக் கிணறு, நிலத்தடித் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, அலமாரி வேலை ஆகியவை சேர்ந்திருப்பது அபூர்வம். எங்கள் கட்டணமும் அதில் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 2: தென்காசிப் பக்கம் வீடு கட்டியவர்

மேலே ஆர்க்கிடெக்ட் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் குறிப்பில், உங்களைப் போலவே, "நல்ல வெளிச்சம் வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது காலையில் செய்தித்தாள் படிக்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும் என்ற பொருளில் மனத்தில் இருந்தது. வரைந்தவர் ஹாலின் மேற்குச் சுவரில் ஏழடிக்குக் கண்ணாடிச் சன்னல் வைத்தார். படத்தில் பார்க்க மிக அழகாக இருந்ததால் நாங்களும் தலையாட்டினோம். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு இழுத்து மூடும் திரையை மாலை ஆறரைக்குத்தான் திறக்கிறோம். காலையில் நான் செய்தித்தாளோடு வாசல்படியில்தான் உட்காருகிறேன். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவர் நான் எழுதியதைத்தான் செய்தார்.

படங்கள் அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த நூற்றுச் சொச்சம் படங்களை ஒரேயடியாக அனுப்பினேன். அவற்றில் பாதி, ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரின் பாணியில் செங்கல்லால் ஜாலி (காற்று வர இடைவெளி விட்டு அடுக்கும் சுவர்) வைத்துக் கட்டிய கேரள வீடுகள், மீதிப் பாதி வெள்ளைச் சுவரும் கண்ணாடியுமான வீடுகள். ஒரு வீட்டில் இரண்டும் எப்படி வரும்? பத்துப் படங்கள் போதும், ஒவ்வொன்றின் கீழும் அதில் பிடித்தது எது என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று பிறகு ஒரு நண்பர் சொன்னார். அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான், ஜாலி போட்ட படங்களில் எனக்குப் பிடித்தது ஜாலியே அல்ல, தரையில் விழுந்த நிழல் என்று எனக்கே தெரிந்தது. எங்கள் ஊர் ஆடிக்காற்றில் ஜாலி வைத்திருந்தால் தினமும் இரண்டு முறை தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருப்போம்.

சாமான்களை அளந்து எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆறரை அடிக்கு ஐந்தடிக் கட்டில், இரண்டடி ஆழத்தில் அலமாரி, அதன் கதவு திறக்க ஓர் இடம் என்று கணக்கிட்டால், பத்துக்குப் பத்து அறையில் எஞ்சுவது சுவரோரம் பக்கவாட்டில் நடக்கிற அளவு இடம்தான். எங்கள் வீட்டில் மாமியார் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள், ஆளுயரக் குத்துவிளக்கு, இரண்டு அரிசி மூட்டை, கொலுப் படிகள் ஆகியவற்றுக்குக் குறிப்பில் இடம் கேட்கவே இல்லை. குத்துவிளக்கு இப்போது மாடிப்படிக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்டு நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ஒரு நொடி அதை ஆள் என்று நினைத்துத் திடுக்கிடுகிறார்கள்.

மாற்றங்களை வாட்ஸ்அப் குரல் பதிவில் சொல்லாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். கழிப்பறைக் கதவை இடம் மாற்றச் சொன்னேனா இல்லையா என்று எனக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடந்த வாக்குவாதத்தில், முந்நூறு குரல் பதிவுகளில் அந்த ஒன்றைத் தேடி ஒரு முழு மாலை போயிற்று. அது கிடைக்கவில்லை.

பதில் 3: கட்டுமானப் பொறியாளர், தூத்துக்குடி

மற்றவர்கள் விட்ட இரண்டு மூன்று மட்டும். முதலாவது, பத்து ஆண்டுகள் கழித்து மாடியில் யார் இருப்பார்கள் என்பதைக் குறிப்பிலேயே எழுதுங்கள். மகனின் அறை மட்டும்தானா, பின்னாளில் அது தனிக் குடித்தனமாகுமா, வாடகைக்கு விடுவீர்களா என்பதைப் பொறுத்துத்தான் படிக்கட்டு வீட்டுக்குள்ளேயா வெளியேயா என்பது அமையும், தூண்களும் அடித்தளமும் எத்தனை தளத்தின் சுமைக்கு என்பதும் முடிவாகும். மேலே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒற்றை வரியை வைத்து எங்களால் கம்பிக் கணக்குப் போட முடியாது. மண் பரிசோதனையையும் வரைபடத்துக்கு முன்பே செய்துவிடுங்கள், கரிசல் மண்ணாக இருந்தால் அஸ்திவாரச் செலவே மாறிவிடும்.

இரண்டாவது, பரப்பளவைச் சொல்லும்போது சுவர் உள்ளா வெளியா என்று சொல்லுங்கள். உள்ளளவு பத்துக்குப் பத்து என்பது 100 சதுர அடி. நான்கு பக்கமும் 9 அங்குலச் சுவர் வைத்தால் வெளியளவு பதினொன்றரைக்குப் பதினொன்றரை, அதாவது 132 சதுர அடி. நீங்கள் மனத்தில் நினைப்பது முன்னதை, ஒப்பந்தக்காரர் பணம் கேட்பது பின்னதற்கு.

2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடி அனுமதியைக் கொண்டுவந்தது. உங்கள் மனை 2,178 சதுர அடி என்பதால் நீங்கள் அதில் வரலாம். ஆனால் விதிப்படி இருக்கிறது என்று உறுதிமொழி கொடுப்பவர் நீங்கள். சாலையின் அகலத்துக்கும் கட்டடத்தின் உயரத்துக்கும் ஏற்ப விட வேண்டிய இடைவெளிகளையும் மழைநீர் சேகரிப்பையும் உங்கள் ஆர்க்கிடெக்டே குறிப்பில் சேர்க்கட்டும்.

வாஸ்து என்று ஒரு சொல்லை மட்டும் எழுதாதீர்கள். எந்தெந்த விதிகள் உங்களுக்குக் கட்டாயம், எவர் சொல்வது இறுதி என்று எழுதுங்கள். பிளான் முடிந்த பிறகு பெரியப்பா தம் ஜோசியரோடு வந்து கழிவுநீர்த் தொட்டியை நகர்த்தச் சொல்வது என் தொழிலில் மாதம் ஒருமுறை நடக்கிற காரியம்.

மீண்டும் பாளை மனைக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. பதில்களை அச்சிட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "திண்ணை எதுக்கு" என்று கேட்டதற்கு முதலில் "வீடுன்னா திண்ணை வேண்டாமா" என்றார். இரண்டாம் முறை கேட்டபோது, சாயங்காலம் பூக்காரியும் கீரைக்காரியும் வரும்போது அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு என்றார். இப்போதைய வாடகை வீட்டில் அவர்கள் கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள். இது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. மனைவியின் திறந்த அடுக்களை, ஆர்க்கிடெக்ட் ஐயா ஊகித்தபடிதான். ஆனால் மீன் வறுக்கும் நாள்களில் மட்டும் அதை மூடிவிட முடிய வேண்டும் என்பது அவர் கட்டளை.

சனிக்கிழமை மனைக்குப் போய், தெற்கு வீட்டு அண்ணாச்சியிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் தம் சுற்றுச்சுவரில் இன்னும் மங்கலாகத் தெரியும் கறையைக் காட்டினார். டேப் வைத்து அளந்ததில் சாலை மட்டத்திலிருந்து 14 அங்குலம் இருந்தது. திருத்திய குறிப்பிலிருந்து ஒரு பகுதியை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்:

"அம்மா (70): ஐந்து மணிக்கு எழுவார், வாசல் தெளித்துக் கோலம் போடுவார், அதற்குப் பின்தான் காபி. இப்போது இரண்டு படி இறங்குவதற்கே சுவரைப் பிடிக்கிறார். அவருடைய அறையிலிருந்து கழிப்பறைக்கு ஆறு எட்டு வைக்கும் தூரத்துக்குள், படி இல்லாமல், இரவில் வேறு விளக்கைப் போடாமல் போக வேண்டும். இரண்டு கதவுகளும் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில், அதாவது 3 அடிக்கு இருக்க வேண்டும். திண்ணை வேண்டும்: இரண்டு பேர் உட்காரும் அளவு, மாலை வெயில் முகத்தில் அடிக்காமல், தெருவில் நிற்பவரோடு பேசும் தூரத்தில். வெள்ளத் தடம் சாலையிலிருந்து 14 அங்குலம். தரை மட்டம் 24 அங்குலம் என்று நினைக்கிறோம், அப்படியானால் சாய்தளம் 24 அடி. அதற்காகக் கார் நிறுத்துமிடத்தின் அகலத்தைக் குறைக்கலாம், அம்மாவின் அறையைக் குறைக்கக் கூடாது. மகனின் மாடியறை இப்போது வேண்டாம், அதற்கான தூண்களும் படிக்கட்டுக்கான இடமும் மட்டும். மகன் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை."

பட்ஜெட்டையும் 52 லட்சம் என்று மறைக்காமல் எழுதிவிட்டேன். 1,700 சதுர அடிக்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட 2,500 ரூபாய் வீதம் 42.5 லட்சம் ஆகிறது. மீதி ஒன்பதரை லட்சத்துக்குள் சுற்றுச்சுவர் முதல் அலமாரி வரை எல்லாம் அடங்காது என்று எழுதும்போதே தெரிந்தது. எனவே பரப்பை 1,500க்குக் குறைக்க முடியுமா என்ற கேள்வியையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன்.

பதில் 4: கட்டுமானப் பொறியாளர், தூத்துக்குடி

அண்ணாச்சி வீட்டுச் சுவரை அளந்தது நல்ல வேலை. ஒன்று மட்டும்: அந்த 14 அங்குலம் இன்றைய சாலையிலிருந்து எடுத்த அளவு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி சாலை போட்டால் மட்டம் ஏறும். வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் தெருவில் சாலை போட்டிருந்தால், அன்று நின்ற தண்ணீரும் நீங்கள் அளந்ததைவிட உயரம்தான். தரை மட்டத்தை 30 அங்குலமாக எழுதுங்கள், சாய்தளம் 30 அடி ஆகும். அதை வடக்குப் பக்க இடைவெளியின் ஓரமாகத் திருப்பி, திண்ணையின் பக்கவாட்டில் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்று ஆர்க்கிடெக்டிடம் கேளுங்கள். திரும்பும் இடத்தில் சக்கர நாற்காலி நின்று திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். அது 30 அடிக் கணக்கில் சேராது.